முகமில்லாத பொம்மைகள்: நவீன ஐரோப்பிய ஓவியத்தில் மேனிகின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தே கீரிக்கோவின் படங்களை முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வெயில் சாய்ந்த காலிச் சதுக்கம், நீண்ட நிழல்கள், நடுவில் முட்டை வடிவத் தலையோடு ஒரு பொம்மை. அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை. "இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேனிகின் என்றால் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைதானே?

அதுவும்தான். ஆனால் ஓவியங்களில் வேறு இரண்டு வகைகளும் அதோடு கலந்து வரும். ஒன்று, ஓவியரின் பட்டறையில் இருக்கும் மரப்பொம்மை. கை, கால், கழுத்து எல்லாம் மூட்டு மூட்டாக மடங்கும். இன்னொன்று, தையல்காரர் துணியைப் போர்த்தி அளவு பார்க்கிற, தலையும் கையும் இல்லாத உடற்கூடு. 'குட்டி மனிதன்' என்று பொருள்படும் டச்சுச் சொல் பிரெஞ்சுக்குப் போய் 'மானகென்' ஆனது, அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் நமக்கும் வந்தது. நான் இந்தப் பக்கத்தில் பொம்மை என்றே எழுதுகிறேன். எந்த வகை என்பது முக்கியமாக வரும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

பெரிய ஓவியர்கள் பொம்மையைப் பார்த்தா வரைந்தார்கள்? அது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. பொம்மை இல்லாமல் சில வேலைகளைச் செய்து முடிப்பது கஷ்டம். ஒரு பெண் பட்டாடை உடுத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். அவள் மூச்சு விட்டாலே மடிப்பு நகரும். மதியம் எழுந்து சாப்பிடப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் காலையில் இருந்த மடிப்பு ஒன்றுகூட அதே இடத்தில் இருக்காது. ஆடையின் மடிப்புகளை மட்டும் வாரக்கணக்கில் தீட்டுகிற ஓவியருக்கு அது போதாது. பொம்மைக்கு உடுத்திவிட்டால் மடிப்பு அப்படியே இருக்கும். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தம் உருவப்படத்துக்காக முகத்தைக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்குவார், போட்டிருக்கும் கோட்டைக் காட்ட ஒதுக்க மாட்டார். அதைப் பொம்மை போட்டுக்கொள்ளும்.

இது பழைய வழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி, ஃப்ளோரன்ஸ் நகரத்து ஃப்ரா பார்த்தொலொமேயோ ஆளுயரத்தில் மூட்டுகள் மடங்கும் மரப்பொம்மை ஒன்றைச் செய்வித்ததாகச் சொல்கிறார். பூச்சி அரித்த அந்தப் பொம்மையை அவர் நினைவாகத் தாமே வைத்திருப்பதாகவும் எழுதுகிறார். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுச் சிற்பி ரூபிலியாக்கின் பொம்மை இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே வெண்கல எலும்புக்கூடு, அதன்மேல் தக்கை, குதிரைமயிர், கம்பளி, வெளியே பின்னிய பட்டு உறை. எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள் பாருங்கள்! 19-ஆம் நூற்றாண்டில் பாரீஸ் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்.

ஆனால் யாரும் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. படத்தில் இருக்கும் உருவம் பொம்மை மாதிரி நிற்கிறது என்று விமர்சகர் எழுதினால் அது பெரிய வசை. பொம்மையை வைத்து வரையலாம், ஆனால் பொம்மை தெரியக் கூடாது. நவீன ஓவியர்கள் தலைகீழாக்கியது இந்த விதியைத்தான்.

முதலில் அதை வெளிப்படையாகக் காட்டியவர் யார்?

முதல் ஆள் யார் என்று தேடுவதைவிட ஒரு படத்தைக் காட்டுகிறேன். பிரெஞ்சு ஓவியர் எத்கார் தெகா ஏறத்தாழ 1878-இல் தம் நண்பரான ஓவியர் ஆன்ரி மிஷெல்-லெவியை வரைந்தார். இப்போது அது லிஸ்பனில், குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர் தம் பட்டறையின் மூலையில் சுவரில் சாய்ந்து நிற்கிறார். அவர் காலடியில் இளஞ்சிவப்பு உடையும் தொப்பியும் போட்ட ஒரு பெண் தரையில் சரிந்து கிடக்கிறாள். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் அது பொம்மை என்று புரியும். சுவரில் இருக்கும் படங்களில் சோலையும் பெண்களும் அழகாக இருக்க, அதற்கு உதவிய பொம்மை கீழே போட்டபடி கிடக்கிறது. ஓவியரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு தொழிலின் உள்வீட்டைத் திறந்து காட்டிய படம் அது.

சரி, தே கீரிக்கோவின் பொம்மைக்கு ஏன் முகம் இல்லை?

இதுதான் எல்லோரும் கேட்பது. பதில் கொஞ்சம் நீளும்.

தே கீரிக்கோ 1888-இல் கிரேக்க நாட்டின் வோலோஸ் என்ற துறைமுக ஊரில், இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கிரேக்கக் கதைகள் அவருக்குப் பாடப்புத்தகம் அல்ல, பிறந்த மண். மியூனிக்கில் ஓவியம் படித்து, 1911-இல் பாரீஸ் வந்தார். அங்கே கவிஞர் அப்போலினேரின் நட்பு கிடைத்தது. 1914-இல் வெளிவந்த அப்போலினேரின் ஒரு கவிதையில், கண்ணும் மூக்கும் காதும் இல்லாத ஒருவன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு தெருவில் போகிறான், பெண்கள் அவன் பின்னாலேயே போகிறார்கள். ஓவியரின் தம்பி சாவினியோவும் அதே ஆண்டு எழுதிய நாடகத்தில் முகமில்லாத மனிதன் வருகிறான். அந்த நண்பர் வட்டத்தில் இந்த உருவம் பிறந்துகொண்டிருந்த நேரம் அது. 1914 முடிந்து 1915 பிறக்கும் குளிர்காலத்தில் பொம்மைகள் தே கீரிக்கோவின் படங்களுக்குள் வந்துவிட்டன. 'தீர்க்கதரிசி', 'இருவர்' என்ற இரண்டு படங்கள் அப்போது வரைந்தவை. இரண்டும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

'தீர்க்கதரிசி' படத்தில் கையில்லாத பொம்மை ஒன்று கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பலகையில் கட்டடங்களின் வரைபடம். கிரேக்க மரபில் எதிர்காலத்தைச் சொல்பவர் தைரேசியஸ், பார்வையற்றவர். ஹோமரும் பார்வையற்றவர் என்றே கதை. வெளிக்கண் இல்லாதவருக்கு உள்கண் திறந்திருக்கும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. ஆகவே கண்ணில்லாத பொம்மை குருடு அல்ல, நாம் பார்க்காததைப் பார்க்கிற ஆள்.

இது பலரும் சொல்லும் விளக்கம், சரியானதும்கூட. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். முகம் இருந்தால் நாம் முகத்தை மட்டும்தான் பார்ப்போம். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று கண்டுபிடித்ததும் கண் அடுத்த படத்துக்குப் போய்விடும். முகத்தை எடுத்துவிட்டால் கழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இரண்டு உருவங்களுக்கு நடுவில் எத்தனை இடைவெளி என்று பார்க்கத் தொடங்குகிறோம். தூரத்தில் வரும் அம்மாவை முகம் தெரியும் முன்பே நடையை வைத்துத் தெரிந்துகொள்கிறோம் இல்லையா? அந்தப் பார்வையை இந்தப் படங்கள் நம்மிடம் கேட்கின்றன.

இந்தப் படங்களில் உணர்ச்சி இருக்கிறது என்கிறீர்கள். எனக்குப் பயம்தான் வருகிறது.

'ஹெக்டரும் ஆண்ட்ரமாகியும்' என்ற 1917-ஆம் ஆண்டுப் படத்தோடு ஒரு பத்து நிமிடம் இருங்கள்.

கதை இது. டிராய் நகரத்து இளவரசன் ஹெக்டர் போருக்குப் புறப்படுகிறான். கோட்டை வாயில் அருகே மனைவி ஆண்ட்ரமாகி அவனைத் தடுக்கிறாள். போகாதே என்கிறாள். அவன் போகிறான். திரும்ப வர மாட்டான் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஹோமரின் காவியத்தில் ஆறாம் பகுதியில் வரும் காட்சி. அங்கே ஒரு கைக்குழந்தையும் உண்டு. அப்பாவின் தலைக்கவசக் குஞ்சத்தைக் கண்டு பயந்து அழும், அவன் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தையை முத்தமிடுவான்.

தே கீரிக்கோ குழந்தையை விட்டுவிட்டார். இரண்டு பொம்மைகள் மட்டும். உடல் முழுக்க மரச்சட்டங்களும், வரைபடக்காரர் வைத்திருக்கும் முக்கோண மட்டங்களும் முட்டுக் கொடுத்து நிறுத்தியவை. தலைகள் வழுவழுப்பான முட்டைகள், அவற்றின் மேல் தையல் போட்டது போல் கோடுகள் ஓடுகின்றன. இரண்டு தலைகளும் ஒன்றையொன்று தொட்டபடி சாய்ந்திருக்கின்றன. இப்போது தோளுக்குக் கீழே பாருங்கள். கை இல்லை. இரண்டு பேருக்குமே இல்லை. கட்டிப்பிடிக்க வேண்டிய நேரம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான், ஆனால் பிடிக்கக் கை இல்லை. தலையைச் சாய்ப்பது மட்டும்தான் அவர்களால் முடிகிறது. அதைச் செய்கிறார்கள்.

படம் வரைந்த ஆண்டு 1917 என்பதை மறந்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் இந்தப் பிரிவு நடந்துகொண்டிருந்தது. ஓவியரே அப்போது சிப்பாய். இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியதும் 1915-இல் பாரீஸை விட்டு வந்து, ஃபெராரா நகரத்துப் படைப்பிரிவில் எழுத்து வேலை பார்த்தவர். அழும் முகங்களை வரைந்திருந்தால் போர்க்காலத்து அஞ்சல் அட்டைபோல் ஆகியிருக்கும். முகமும் கையும் இல்லாததால்தான் எனக்கு இந்தப் படம் இன்றும் தொண்டையை அடைக்கிறது.

'நிம்மதி கெடுக்கும் கலைதேவதைகள்' படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அதுவும் ஃபெராராவில் வரைந்ததுதான். தரையிலிருந்து தொடங்குங்கள். மரப்பலகைகள் நாடக மேடைபோல் பின்னால் போகப் போக மேலே ஏறுகின்றன. தூரத்தில் ஃபெராராவின் சிவப்புக் கோட்டை, பக்கத்திலேயே தொழிற்சாலைப் புகைபோக்கிகள். புகை இல்லை, ஆள் இல்லை. முன்னால் நிற்கும் உருவத்தின் கீழ்ப்பாதி கிரேக்கத் தூண், மேலே துணிப்பொம்மைத் தலை. உட்கார்ந்திருக்கும் இன்னொன்றின் தலை கழன்று கீழே வைத்திருக்கிறது. நிழலில், வலப்பக்கம் பின்னால், மூன்றாவதாக ஒரு சிலை. கோயிலும் தையல்கடையும் ஒரே உடம்பில் கூடியிருக்கின்றன. பழங்காலம் உடைந்துபோனதை ஒட்டுப்போட்டு நிறுத்தியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்னொரு இத்தாலிய ஓவியர் கார்லோ காராவும் இதே மாதிரிப் பொம்மைகள் வரைந்தாரே, யார் யாரைப் பார்த்து வரைந்தார்கள்?

1917-இல் இருவரும் ஃபெராராவின் ஒரு ராணுவ மருத்துவமனையில் சேர்ந்து இருந்தார்கள். நரம்புத் தளர்ச்சி கண்ட வீரர்களுக்கான இடம் அது. அங்கேதான் 'பித்தூரா மெதஃபிசிகா', அதாவது புலனுக்கு அப்பாற்பட்டதைத் தொட முயலும் ஓவியம், ஓர் இயக்கம் ஆனது. பொம்மை முதலில் தே கீரிக்கோவுடையது, தேதிகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் காரா அதே ஆண்டின் இறுதியில் மிலானில் முந்திக்கொண்டு கண்காட்சி வைத்தார். யார் தொடங்கியது என்ற சண்டையில் நட்பு முறிந்தது.

இரண்டு பேரின் பொம்மைகளும் ஒன்றல்ல. மிலானின் ப்ரேரா காட்சியகத்தில் காராவின் 'மெதஃபிசிகல் கலைதேவதை' இருக்கிறது. வெள்ளைச் சாந்தில் வார்த்தது போன்ற டென்னிஸ் ஆட்டக்காரி, கையில் மட்டையும் பந்தும். கனமாக, ஊர் எல்லைக்கல் மாதிரி நிற்கிறாள். தே கீரிக்கோவின் பொம்மைகள் முட்டுக்கொடுத்த சட்டத்தை எடுத்தால் விழுந்துவிடும். ஜோர்ஜோ மொராண்டியும் 1918-இல் சில படங்களில் பொம்மைத் தலையை மேசைமேல் வைத்து வரைந்தார். அப்புறம் குப்பிகளை வரைவதற்குத் திரும்பி வாழ்நாள் முழுக்க அங்கேயே தங்கிவிட்டார்.

ஜெர்மானியப் பொம்மைகள் மட்டும் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கின்றன?

போரில் தோற்ற ஊர். கை கால் இழந்து திரும்பியவர்கள் தெருவெல்லாம். செயற்கைக் கால் என்பது அங்கே கற்பனை அல்ல, கடையில் விற்கிற பொருள். ஓட்டோ டிக்ஸ் 1920-இல் வரைந்த 'ப்ராகர் தெரு' படத்தில் கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகளும் செயற்கை உறுப்புகளும் அடுக்கியிருக்க, வெளியே காலில்லாத முன்னாள் சிப்பாய் சக்கரப் பலகையில் உருண்டு போகிறார். அவர் பலகையில் கிடக்கும் துண்டறிக்கையில் யூதர்களை வெளியேறச் சொல்லும் வாசகம். அடுத்து வரப்போவதை 1920-லேயே பார்த்திருக்கிறார் டிக்ஸ்.

அதே ஆண்டு ஜார்ஜ் குரோஸ் 'குடியரசின் இயந்திர மனிதர்கள்' என்ற நீர்வண்ணப் படம் வரைந்தார். முகமில்லாத இரண்டு கனவான்கள். ஒருவருக்கு மரக்கால், ஒருவர் தலை மேலே திறந்து உள்ளே காலியாக இருக்கிறது, கொடி மட்டும் ஆடுகிறது. ஊரும் தெருவும் தே கீரிக்கோவிடம் கடன் வாங்கியவை, கோபம் குரோஸுடையது. இத்தாலியப் பொம்மை நம்மைப் போல வலியை உணர்வது. இந்தப் பொம்மை கட்டளைக்குத் தலையாட்டுவது. ரவுல் ஹவுஸ்மன் சவுரி செய்பவர் வைத்திருக்கும் மரத்தலை ஒன்றை எடுத்து அதில் அளவுநாடா, அளவுகோல், கடிகார உறுப்பு, பணப்பை என்று வெளியே ஒட்டி வைத்து, அதற்கு 'நம் காலத்தின் ஆவி' என்று பெயரிட்டார். மண்டைக்குள் எதுவும் இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று அதற்குப் பொருள். பாரீஸின் பொம்பிது மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கோகோஷ்கா தன் காதலியைப் போலவே பொம்மை செய்து வைத்திருந்தார் என்பது உண்மையா?

உண்மை. ஒஸ்கர் கோகோஷ்கா ஆஸ்திரிய ஓவியர். அல்மா மாலரோடு இருந்த காதல் முறிந்து, போரில் தலையிலும் நுரையீரலிலும் காயம்பட்டு மீண்டவர். 1918-இல் மியூனிக்கைச் சேர்ந்த ஹெர்மீனே மோஸ் என்ற பொம்மைக் கலைஞரிடம் அல்மாவின் அளவிலேயே ஒரு பொம்மை கேட்டார். தோல் எப்படி இருக்க வேண்டும், எங்கே தொட்டால் எப்படி உணர வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1919-இல் பெட்டி வந்தது. திறந்தால், அன்னப்பறவையின் இறகுத்தோல் போர்த்திய முரட்டு உருவம். மனம் நொந்துபோனார். ஆனாலும் அதை வைத்து வரைந்தார்: 'நீல ஆடைப் பெண்' என்ற 1919-ஆம் ஆண்டுப் படம் அந்தப் பொம்மைதான். கடைசியில் ஒரு விருந்து இரவில் அதன் தலையை வெட்டி மேலே சிவப்பு ஒயினை ஊற்றிவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார்.

இதை வேடிக்கைக் கதையாகச் சொல்பவர்கள் அதிகம். எனக்கு அதில் மனம் இல்லை. போரிலிருந்து உடைந்து வந்த ஒரு மனிதர் இருக்கிறார். தன்னைப் போன்ற ஒன்றைச் செய்ய வேறு ஒருவர் தன் அனுமதி இல்லாமல் ஆணையிட்டதைக் கேள்விப்பட்ட ஒரு பெண்ணும் இருக்கிறார். பெரும்பாலும் முதல் ஆளின் துக்கம் மட்டுமே பேசப்படுகிறது.

சர்ரியலிஸ்டுகளின் பொம்மைகள் எல்லாம் பெண்களாகவே இருப்பது ஏன்?

நியாயமான கேள்வி. சர்ரியலிஸ்டுகள் என்றால் கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்றவர்கள். 1938 ஜனவரியில் பாரீஸில் நடந்த சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சியில், நுழைந்ததும் ஒரு தெருபோல் அமைத்து 16 கடைப்பொம்மைகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கலைஞர் அலங்கரித்தார். ஆந்த்ரே மாசோன் தம் பொம்மையின் தலையைப் பறவைக்கூண்டுக்குள் வைத்து வாயைத் துணியால் கட்டினார். துஷாம் தம்முடைய கோட்டையும் தொப்பியையும் தம் பொம்மைக்குப் போட்டுவிட்டார். கனவையும் ஆசையையும் திறந்து காட்டுவதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். ஆனால் வாய் கட்டிய பெண் பொம்மையை பெரும்பாலும் ஆண்களே வரிசையாக அலங்கரிப்பதில் யாருடைய ஆசை பேசுகிறது, யாருடையது பேசவில்லை என்பது பார்த்தாலே தெரியும். தே கீரிக்கோவின் பொம்மையிடம் நான் என்னைக் காண்கிறேன். இவற்றிடம் அது நடப்பதில்லை. கலை வரலாற்றில் இவற்றுக்குப் பெரிய இடம் உண்டு, அதை மறுக்கவில்லை.

தே கீரிக்கோ தம் படங்களைத் தாமே திரும்ப வரைந்து விற்றாராமே?

ஆமாம். 'கலைதேவதைகள்' படத்துக்கு மட்டும் அவர் கையாலேயே பல பிரதிகள் உண்டு, சிலவற்றில் பழைய தேதியும் போட்டிருக்கிறார். சேகரிப்பவர்களுக்குத் தலைவலி. 1982-இல் ஆண்டி வார்ஹோல் இந்தத் திரும்ப வரையும் பழக்கத்தை ரசித்து, அதே படத்தை அச்சடித்து வரிசையாகத் தாமும் செய்தார். நான் மோசடி என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டேன், ஆனால் தேதியை மாற்றியது தவறுதான்.

வீட்டில் ஒரு சின்ன மரப்பொம்மை வாங்கி வரையப் பழகலாமா?

தாராளமாக. ஆனால் ஒன்று கவனியுங்கள். அதன் கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். கை மட்டும் போகும், தோள் அப்படியே இருக்கும். நீங்கள் கையைத் தூக்கிப் பாருங்கள்: தோளும் காறை எலும்பும் சேர்ந்து ஏறும், ஒரு பக்க இடுப்புகூட இழுபடும். ஆகவே சாய்வையும் எடை எங்கே விழுகிறது என்பதையும் பொம்மையிடம் கற்றுக்கொள்ளுங்கள், உடம்பை மனிதரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு படத்தை நேரில் பார்க்க முடியுமென்றால் எதைப் பார்க்கலாம்?

மிலானின் நவ்வெசென்தோ அருங்காட்சியகத்தில் தே கீரிக்கோ 1922-இல் வரைந்த 'ஊதாரி மகன்'. விவிலியத்தில் வரும் கதை: சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மகன், ஓடிவந்து அணைத்துக்கொள்ளும் அப்பா. ஹெக்டரின் படம் வரைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, போர் முடிந்துவிட்டது. இங்கே மகன் பொம்மை, தகப்பன் சாம்பல் நிறச் சிலை. பீடத்திலிருந்து இறங்கி வந்தவர்போல் தலை குனிந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அணைத்து நிற்கிறார்கள். பொம்மைக்கு இப்போதும் முகம் இல்லை. கை இருக்கிறது.